மொஸ்கோவில் கிழக்கு எந்தப் பக்கம்

நான் மொஸ்கோவில் கால் வைத்ததில்லை. விமானம் மாறக்கூட அங்கே இறங்கியதில்லை. ஆனால் அந்த நகரத்தின் பத்து நிர்வாக வட்டாரங்களையும் நித்திரையில் கேட்டாலும் சொல்லுவேன். நடுவில் மத்திய வட்டாரம். பிறகு மணிக்கூட்டு முள் போகிற பக்கமாக வடக்கு, வடகிழக்கு, கிழக்கு, தென்கிழக்கு, தெற்கு, தென்மேற்கு, மேற்கு, வடமேற்கு. ஒன்பது ஆயிற்றா? பத்தாவது, நகரத்தின் எல்லைக்கு வெளியே தனியாகக் கழன்று கிடக்கிற ஒரு துண்டு. எங்கள் யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதி மாதிரி. சுற்றிவரக் கடல் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஹம்பேர்க்கில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடித்துக்கொண்டிருந்தவளுக்கு இதெல்லாம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். என் மனிசனும் அப்போது அதைத்தான் கேட்டார். "விசர் பிடிச்சிட்டுதே உனக்கு? ரஷ்யாவிலை காணி வாங்கப் போறியே?" என்றார். பிறகு விஷயம் தெரிந்ததும் கேட்பதை நிறுத்திவிட்டு, மேசையில் விரித்த வரைபடத்தின் மூலைகள் சுருளாமல் இருக்க உப்புப் போத்தலையும் மிளகாய்த்தூள் போத்தலையும் அவரே கொண்டுவந்து வைத்தார்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. எனக்கு ஒரே ஒரு தம்பி. சண்டைக்குள் ஊரைவிட்டு ஓடி, வன்னியில் கொஞ்ச நாள், கொழும்பில் ஒரு லொட்ஜில் கொஞ்ச நாள் என்று இழுபட்டவனை ஏஜென்சிக்காரன் ஒருவன் மாணவர் விசாவில் மொஸ்கோவுக்குக் கொண்டுபோனான். அங்கே இரண்டு கிழமை, பிறகு நேரே ஜேர்மனி என்பது பேச்சு. இரண்டு கிழமை இரண்டு மாதமாகி, மூன்று மாதமும் தாண்டிவிட்டது. விமான நிலையத்திலிருந்து யன்னல் இல்லாத ஒரு வான் வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் ஏதோ ஒரு மாடிக் கட்டடத்தின் ஏழாம் மாடியில் விட்டார்கள். ஒரு வீட்டுக்குள் பதின்நாலு பேர். இரும்புக் கதவு, வெளியிலே பூட்டு. யன்னலைத் திறக்காதே, வெளியே எட்டிப் பார்க்காதே, சத்தம் போடாதே. பொலிஸ் பிடித்தால் எல்லாரும் திரும்பக் கொழும்புக்குத்தான். வீதியின் பெயரோ வீட்டு இலக்கமோ ஒருவருக்கும் தெரியாது.

இப்படிப் பலபேர் இருந்துதான் வந்தார்கள். என் தம்பியின் கதை வேறாக இருந்ததற்குக் காரணம் அவனுடைய சீனி வருத்தம். பதினைந்து வயதிலிருந்து காலையும் மாலையும் இன்சுலின் ஊசி போட்டால்தான் அவனுக்கு உயிர். மூன்று மாதத்துக்குப் போதும் என்று கட்டிக்கொண்டு போயிருந்தான். அந்தக் கணக்குப் பிழைத்தது. அதோடு ஏஜென்சிக்காரனும் வராமல் விட்டான். அரிசியும் பருப்பும் மூட்டையில் இருந்தன. சமைத்துத் தின்றுகொண்டு, பூட்டிய கதவைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

ஆனி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் எங்கள் வீட்டுத் தொலைபேசி அடித்தது.

"அக்கா, நான்தான். கெதியாக் கேளுங்கோ, எப்ப கட்டாகும் எண்டு தெரியாது."

அந்த வீட்டில் ஒரு பழைய தொலைபேசி இருந்ததாம். இலக்கம் சுழற்றுகிற வட்டத்துக்கு ஏஜென்சிக்காரன் சின்னப் பூட்டு ஒன்று போட்டிருந்தான். தொலைபேசியின் சொந்த இலக்கம் ஒட்டியிருந்த கடதாசியையும் சுரண்டி எடுத்துவிட்டான். ஆனால் அந்தப் பதின்நாலு பேரில் ஒருவர் ஊரில் தந்தி தபால் கந்தோரில் வேலை செய்தவர். ரிசீவரை வைக்கிற கொளுக்கியைத் தட்டித் தட்டியே இலக்கம் எடுக்கலாம் என்று அவருக்குத் தெரியும். ஐந்துக்கு ஐந்து தட்டு, பூச்சியத்துக்குப் பத்துத் தட்டு. ஜேர்மனிக்கு எடுக்க எத்தனை தட்டு என்று யோசித்துப் பாருங்கள். ஒரு தட்டுப் பிழைத்தால் முதலிலிருந்து. என் தம்பி பேசியது நாலு நிமிடம். அதற்காக அந்த மனிசன் அன்றைக்கு முழுக்கத் தட்டியிருக்கிறார்.

"அக்கா, பாதி பாதியாப் போட்டால் ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் மருந்து இழுக்கும். அதுக்கு மேலை ஏலாது."

"மேலை ஏலாதெண்டால்? பேந்து என்னடா செய்யிறது?"

"யன்னலைத் திறந்து கத்துறதுதான். பொலிஸ் வரும், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும். ஆனால் இஞ்சை சின்னப் பிள்ளையளோடை ஒரு அக்கா இருக்கிறா. அவவையும் பிடிச்சு அனுப்பிப் போடுவாங்கள். நான் கத்தமாட்டன் எண்டு அவவுக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்திட்டன். ஞாயிறு பின்னேரம் வரைக்கும்."

லைன் அறுந்தது. நான் ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். கடவுளே, இவனுக்குச் சத்தியம் பண்ணக் கிடைத்த நேரத்தைப் பாருங்கள்!

மருந்து கிடைப்பது பெரிய பாடாக இருக்கவில்லை. என்னோடு சலவைக்கூடத்தில் வேலை செய்த மன்னார் அக்காவின் மகன் மொஸ்கோவில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தான்; கடைசி வருடம். தென்மேற்கு வட்டாரத்தில் மாணவர் விடுதியில் இருந்தான். நான் அவனை டொக்டர் தம்பி என்றுதான் சொல்லுவேன். அவன் இன்சுலினை அன்றைக்கே ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கி, விடுதியின் குளிர்ப்பெட்டியில் வைத்துவிட்டான். "மருந்து என்ரை கையிலை இருக்கு அக்கா. வீடுதான் இல்லை. எந்த வட்டாரம் எண்டாவது சொல்லுங்கோ, தேடிப் பார்க்கிறன்" என்றான்.

அந்த விடுதிக்குத் தொலைபேசி எடுப்பதே ஒரு கூத்து. வாசலில் இருக்கிற காவற்கார மனிசி எடுத்து ரஷ்ய மொழியில் ஏதோ கத்திவிட்டு வைத்துவிடுவா. அதனால் எங்கள் வீட்டுக்கு மேலே குடியிருந்த அம்மாவிடம் போனேன். அவ தலைமுறை தலைமுறையாக ரஷ்யாவில் இருந்துவிட்டுத் திரும்பி வந்த ஜேர்மன்காரி. மொஸ்கோவில் ஒரு தையல் தொழிற்சாலையில் முப்பது வருடம் இருந்தவ. அவவின் ஜேர்மன் மொழியும் நொண்டி, என்னுடையதும் நொண்டி. இரண்டு நொண்டிகளும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நன்றாகவே நடந்தோம். அவ தொலைபேசியை வாங்கி அந்தக் காவற்கார மனிசியோடு ரஷ்ய மொழியில் இரண்டு வார்த்தை கதைத்தா. டொக்டர் தம்பி ஓடி வந்தான். என்ன சொன்னீர்கள் என்று கேட்டதற்கு, "அவனுடைய பெரியம்மா பேசுகிறேன், கூப்பிடாவிட்டால் நேரே வந்து நிற்பேன் என்றேன்" என்றா.

வரைபடத்தைத் தந்ததும் அவதான். பழைய ஆட்சிக் காலத்து வரைபடம், மடிப்புகளில் கிழிந்து, ஒட்டுப்பட்டி போட்டது. அதில் நகரம் முப்பத்துமூன்று பகுதிகளாக இருந்தது. பாதிக்குப் புரட்சியின் பெயர், மிச்சத்துக்குப் புரட்சிக்காரரின் பெயர். அதன் மேல் நீலப் பேனையால் புதிய பத்து வட்டாரங்களின் எல்லையையும் அவவே கீறியிருந்தா. "எங்கள் வீதியின் பெயரை மாற்றினார்கள். பகுதியின் பெயரை மாற்றினார்கள். கடைசியில் நாட்டின் பெயரையும் மாற்றினார்கள். நான் மட்டும் அதே சமையலறையில் அதே கேத்தலோடு இருந்தேன்" என்று சொல்லி ஒரு சிரிப்புச் சிரித்தா.

எனக்கு அந்த நீலக் கோடுகளைப் பார்க்கப் பார்க்க ஆச்சரியம் தீரவில்லை. இவ்வளவு பெரிய நகரத்தைப் பங்கு பிரித்தவர்கள், பெயர் வைக்கிற நேரத்தில் அலுத்துப்போய்த் திசைகாட்டியைப் பார்த்து எழுதிவிட்டார்களே! எங்கள் ஆட்கள் என்றால் இந்நேரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு கோயிலின் பெயரை வைத்து, எந்தக் கோயில் என்று அடிபட்டிருப்பார்கள். வட்டாரங்கள் எல்லாம் வெட்டிய கேக் மாதிரி நடுவை நோக்கிக் கூராக வருகின்றன. மத்திய வட்டாரம் மட்டும் நடுவில் சின்னதாக, ஒருவருக்கும் இடம் கொடுக்காமல் குந்தியிருக்கிறது. ஒவ்வொரு வட்டாரத்துக்குள்ளும் பத்துப் பதினைந்து பகுதிகள். கிழக்கில் பாதி காடு. நகரத்துக்குள் காடாம், அதற்குள் பெரிய மான்களாம்! தம்பியின் உயிர் ஊசலாடுகிறது, எனக்கு இதெல்லாம் சுவாரசியமாக இருந்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான். பயத்தோடு சும்மா இருக்க ஏலாமல்தான் பார்க்கத் தொடங்கினேன். பிறகு பார்ப்பதற்காகவே பார்த்தேன்.

வியாழக்கிழமை இரவு எட்டேகால் மணிக்கு மீண்டும் தொலைபேசி. மொஸ்கோவில் அப்போது பத்தேகால், இன்னும் வெளிச்சமாம்.

"யன்னலாலை என்ன தெரியுது? கெதியாச் சொல்லு."

பக்கத்தில் குசுகுசு என்று யாரோ கதைக்கிற சத்தம். பிறகுதான் அவன் சொன்னான்: "கீழை முழுக்க மரம். தூரத்திலை ஒரு கோபுரம் தெரியுது அக்கா. ஊசி மாதிரி மெல்லிசு, சரியான உயரம்."

மேல்மாடி அம்மா என் பக்கத்திலேயே நின்றா. "தொலைக்காட்சிக் கோபுரம்!" என்று வரைபடத்தில் விரலைக் குத்தினா. அது வடகிழக்கு வட்டாரத்தில் இருந்தது.

"எந்தப் பக்கம்? கோபுரம் உங்களுக்கு எந்தத் திசையிலை?"

மறுபடியும் குசுகுசு. "மேற்காலை, அக்கா. இப்ப சூரியன் விழுகுது. நேரே கோபுரத்துக்குப் பின்னாலைதான் விழுகுது."

"வேறை என்ன?"

"கோபுரத்துக்கு இடக்கைப் பக்கமாப் பெரிய புகைபோக்கியள். சிவப்பும் வெள்ளையுமாப் பட்டி போட்டது."

"சரி. நீ இடுப்பிலை கட்டுற சாரத்தை யன்னலுக்கு வெளியாலை காயப்போடு. நான் அனுப்பின நீலக் கட்டம் போட்ட சாரம் இருக்கெல்லே, அதை. ஆர் என்ன சொன்னாலும் எடுக்காதை."

மேற்கில் கோபுரம் என்றால் வீடு கோபுரத்துக்குக் கிழக்கில். இதற்கு என்ன படிப்பு வேண்டும்? மனிசன் அடிமட்டம் கொண்டுவந்தார். கோபுரத்திலிருந்து நேர் வலப்பக்கமாக ஒரு கோடு கீறினோம். கோடு வடகிழக்கு வட்டாரத்தின் குடியிருப்புகளுக்கூடாகப் போய் மான் காட்டுக்குள் நுழைந்தது. காட்டுக்குள் ஏழு மாடி இருக்காது. ஆகவே காட்டுக்கு இங்கால் இருக்கிற பகுதிகளில்தான் தம்பி. டொக்டர் தம்பிக்குச் சொன்னேன். "சரியாத்தான் இருக்கு அக்கா, வெள்ளிக்கிழமை விடியவே போறன்" என்றான்.

வெள்ளிக்கிழமை முழுக்க அவன் அந்தப் பகுதிகளில் நடந்தான். ஒவ்வொரு கட்டடத்தின் முன்னாலும் நின்று ஏழாம் மாடியை அண்ணாந்து பார்த்தான். யன்னல்களில் போர்வை தொங்கியது, குழந்தை உடுப்புத் தொங்கியது, ஓர் இடத்தில் காய்ந்த மீன் தொங்கியது. சாரம் இல்லை. சனிக்கிழமையும் போனான். பின்னேரம் தபால் கந்தோரிலிருந்து எடுத்தான். "அக்கா, கால் ரெண்டும் கொப்பளம். புகைபோக்கி ஒண்டு கண்டனான், ஆனால் அது கோபுரத்துக்கு வலக்கைப் பக்கமா வருது. ஒண்டும் பொருந்தேல்லை. உங்கடை தம்பி சரியாப் பார்த்துத்தான் சொன்னவரோ?"

அவன் வைத்துச் சரியாகப் பத்து நிமிடத்தில் தம்பி எடுத்தான். எனக்கு மூக்கு நுனியில் கோபம், ஊரறிந்த விஷயம்.

"டேய், புகைபோக்கி எந்தப் பக்கம்? வடிவாப் பார்த்துச் சொல்லு!"

குசுகுசு. "இடக்கைப் பக்கம்தான் அக்கா."

"கோபுரத்துக்குக் கிட்டவோ, தள்ளியோ?"

குசுகுசு. "கொஞ்சம்... தள்ளித்தான்."

"அங்கை பக்கத்திலை என்ன மாநாடே நடக்குது? உன்னட்டைத்தானே கேக்கிறன்! உனக்குக் கண் பொட்டையே? ஒரு பெடியன் ரெண்டு நாளா உனக்காகத் தெருத்தெருவா அலையிறான், நீ ஒரு புகைபோக்கியை ஒழுங்காப் பார்த்துச் சொல்ல ஏலாமல் நிக்கிறாய்!"

"சரி அக்கா" என்றான். லைன் அறுந்தது. நாளைக்கு ஞாயிறு.

மனிசன் என்னைப் பார்த்த பார்வையை நான் பார்க்காத மாதிரிச் சாமியறைப் பக்கம் போய்விட்டேன். சாமியறை என்று பெருமைக்குச் சொல்லுகிறேன், அது வரவேற்பறையின் ஒரு தட்டு. விளக்கை ஏற்றினேன். பிள்ளையாரே, கிழக்கே பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறாயே, ஒரு வழி காட்டன் என்று அவரோடும் சண்டைக்குப் போனேன்.

அப்போதுதான் எனக்கு ஒரு பழைய சண்டை ஞாபகம் வந்தது. ஹம்பேர்க்கில் அந்த வீட்டுக்கு நாங்கள் குடிவந்தது ஒரு ஆனி மாதம். முதல்நாள் விடியப் பார்த்தேன். சூரியன் றெயில் பாலத்துக்கு மேலே உதித்தது. அப்ப அதுதான் கிழக்கு என்று பிள்ளையாரைப் பாலத்தைப் பார்க்க வைத்தேன். ஏழு மாதம் கழித்துப் பொங்கல் வந்தது. பல்கனியில் சின்ன அடுப்பு வைத்துப் பானையைப் பாலத்துப் பக்கம் பார்க்க வைத்துவிட்டுக் காத்திருந்தோம். சூரியன் பாலத்துப் பக்கம் வரவேயில்லை. எங்கேயோ வலப்பக்கத்தில், பள்ளிக்கூடக் கூரைக்குப் பின்னால் வந்து எட்டிப் பார்த்தது. மனிசன் "பள்ளிக்கூடப் பக்கம்தான் கிழக்கு, பானையைத் திருப்பு" என்றார். நான் "பாலம்தான் கிழக்கு, நான் கண்ணாலை கண்டனான்" என்றேன். பால் இரண்டு பக்கமும் இல்லாமல் அடுப்புக்குள் பொங்கி ஊற்றியது. பிறகு ஜேர்மன் சூரியனுக்கு ஒழுங்கு இல்லை என்று சமாதானமானோம்.

இரண்டு பேரும் கண்ணால் கண்டதைத்தான் சொன்னோம். அப்படியென்றால்?

ஹம்பேர்க் வரைபடத்தைச் சுவரிலிருந்து பிடுங்கி மொஸ்கோவுக்கு மேல் போட்டேன். எங்கள் வீதியைக் கண்டுபிடித்தேன். பாலம் கிழக்கில் இல்லை. சரியாக வடகிழக்கில் இருந்தது. பள்ளிக்கூடம் தென்கிழக்கில். நடுவிலே, உண்மையான கிழக்கில், ஒரு பேக்கரி. இத்தனை வருடமாக என் பிள்ளையார் கிழக்கைப் பார்க்கவேயில்லை.

தை மாதம் சூரியன் வடக்கே திரும்புகிறது என்று பஞ்சாங்கத்தில் வருடாவருடம் வாசிக்கிறோம். உத்தராயணம் என்று வாய் நிறையச் சொல்லுகிறோம். எவ்வளவு தூரம் திரும்புகிறது என்று யார் போய்ப் பார்த்தது? ஊரில் சூரியன் கொஞ்சம் அப்படி இப்படி அசையும், அவ்வளவுதான். அதனால் சூரியன் உதிக்கிற பக்கம் கிழக்கு, விழுகிற பக்கம் மேற்கு. இங்கே ஆனி மாதத்துச் சூரியன் வடகிழக்கில் உதித்தால் எங்கே விழும்?

மேல்மாடிக்கு ஓடினேன். செருப்புக்கூடப் போடவில்லை. "மொஸ்கோவில் இந்த மாதம் சூரியன் எங்கே விழும்?" என்று கேட்டேன். அவ என்னைக் குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தா. "வடமேற்கில். கோடையில் வேறெங்கே விழும்? உங்கள் நாட்டில் எங்கே விழும்?"

"மேற்கில்."

"எப்போதுமா?"

"எப்போதும்."

"வசதியான நாடு" என்றா.

அந்த வீட்டுக்குள் இருந்த பதின்நாலு பேர், இங்கே நானும் மனிசனும், ஆறு வருடம் மொஸ்கோவில் இருந்த டொக்டர் தம்பி. பதினேழு தமிழர்களில் ஒருவருக்குக்கூட ஒரு சந்தேகம் வரவில்லை. சூரியன் விழுந்தது, ஆகவே மேற்கு. பக்கத்திலேயே நின்ற மேல்மாடி அம்மாவிடம் நான் சூரியனைப் பற்றிச் சொல்லவேயில்லை. மேற்கு என்று மட்டும் மொழிபெயர்த்திருந்தேன்.

கோபுரம் வடமேற்கில் என்றால் வீடு கோபுரத்துக்குத் தென்கிழக்கில். அடிமட்டத்தைச் சாய்த்து வைத்துக் கோட்டைக் கீறினேன். கோடு மான் காட்டைத் தொடாமல், வடகிழக்கு வட்டாரத்தை விட்டு விலகி, கிழக்கு வட்டாரத்துக்குள் இறங்கியது. மேல்மாடி அம்மா அதில் ஓரிடத்தைத் தட்டிக் காட்டினா. மின்சார நிலையம். அதன் புகைபோக்கிகள் சிவப்பு வெள்ளைப் பட்டி போட்டவை. அவை கோபுரத்துக்கு இடக்கைப் பக்கம் வரவேண்டும் என்றால் அதற்கும் கிழக்கே, பெரோவோ என்ற பகுதியில் போய் நிற்க வேண்டும். நாங்கள் தேடிய இடத்திலிருந்து வரைபடத்தில் ஐந்து விரல் தூரம்.

உடனே விடுதிக்கு எடுத்து டொக்டர் தம்பிக்குச் சொன்னேன். "அக்கா, ஆறு வரியமா இந்த ஊரிலை இருக்கிறன்" என்றான். "கோடையிலை விடியக்காலமை என்ரை யன்னலுக்கை வெயில் வரும், மாரியிலை வராது. ஏன் எண்டு ஒருநாளும் யோசிக்கேல்லை."

ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை இல்லை. இருந்திருந்தாலும் போயிருக்க மாட்டேன். தொலைபேசிக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்தேன். மனிசன் சமைத்தார், சோறு குழைந்துவிட்டது, ஒருவரும் சாப்பிடவில்லை. பன்னிரண்டு மணி. ஒரு மணி. இரண்டு மணி. மேல்மாடி அம்மா ஒரு கிண்ணத்தில் சூப் கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் எங்களோடு இருந்தா. மூன்றரைக்கு அடித்தது.

"அக்கா, சாரம்!" டொக்டர் தம்பி கத்தினான். "நீலக் கட்டம் போட்ட சாரம்! ஏழாம் மாடியிலை கொடி மாதிரித் தொங்குது. நான் கீழை நிண்டு அழுதனான் அக்கா. வாசலடி வாங்கிலை குந்தியிருந்த ரஷ்யக் கிழவி எனக்கு மிட்டாய் தந்தவ."

பூட்டிய கதவுக்கு மருந்து எப்படிப் போனது என்று கேட்கிறீர்களா? இரண்டு சேலையை முடிச்சுப் போட்டு, அதோடு சாரங்களையும் கட்டி, நுனியில் ஒரு பையைக் கட்டி யன்னலால் இறக்கினார்களாம். கிணற்றில் வாளி இறக்குகிற மாதிரி. டொக்டர் தம்பி மருந்தைப் பைக்குள் வைத்தான், மேலே இழுத்தார்கள். கிழவி பார்த்துக்கொண்டே இருந்தாவாம். ஒருவரையும் கூப்பிடவில்லை. அவ நல்லா இருக்க வேண்டும்.

அன்றைக்கு மாலை தம்பி எடுத்தான். "போட்டிட்டன் அக்கா" என்றான். அவ்வளவுதான் எனக்குக் கேட்டது. நான்தான் பிறகு ஒப்பாரி வைத்தேனே.

கதவு எப்படித் திறந்தது, ஏஜென்சிக்காரன் என்ன ஆனான், தம்பி எந்த எல்லையால் எப்படி வந்தான் என்பதெல்லாம் வேறு கதை. புரட்டாதி முடிய அவன் ஹம்பேர்க்கில் வந்து சேர்ந்தான். எலும்பும் தோலுமாக, தடித்த கண்ணாடி ஒன்றோடு. ஓடித் திரிந்து அன்ட்ராக் என்று விண்ணப்பம் எழுதிக் கொடுத்தோம், டெர்மின் என்று குறித்துத் தந்த நாளுக்குப் போனோம், டொக்டரிடம் காட்டினோம். ஒரு பின்னேரம் வேலையால் வந்து, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு, மேசையில் மொஸ்கோவை விரித்தேன். எனக்கு அதை அவனுக்குக் காட்ட அவ்வளவு ஆசை. பத்து வட்டாரத்தையும் சொல்லிக் காட்டினேன். பிழையான கோட்டைக் காட்டினேன், சரியான கோட்டைக் காட்டினேன். பொங்கல் பானைக் கதையைச் சொன்னேன். இந்த நகரத்தில் ஐந்து மாதம் இருந்தாயே, உனக்கு இதில் ஒன்றாவது தெரியுமாடா என்று பகிடி பண்ணினேன்.

அவன் சிரித்தான். தேத்தண்ணிக் கோப்பையைச் சுற்றிச் சுற்றிப் பிடித்துக்கொண்டு இருந்தான்.

"அக்கா, கோபிக்கப்படாது. ஒண்டு சொல்லட்டே?"

"சொல்லு."

"அந்தக் கோபுரத்தை நான் காணேல்லை."

"என்னடா சொல்லுறாய்? நீதானே சொன்னனீ?"

"பாதி மருந்து போடத் தொடங்கின பிறகு கண் பனிப்புகார் மூட்டின மாதிரி வந்திட்டுது. வெளிச்சம் தெரியும், ஆள் நிக்கிறது தெரியும், அவ்வளவுதான். தந்திக் கந்தோர் அண்ணைதான் யன்னலடியிலை நிண்டு பார்த்து என்ரை காதுக்குள்ளை சொல்லுவார். அதைத்தான் நான் உங்களுக்குச் சொன்னனான்."

குசுகுசு. எனக்கு அந்தக் குசுகுசு மறுபடி காதில் கேட்டது. அதற்குப் பிறகு நான் கத்தியதும் கேட்டது. உனக்குக் கண் பொட்டையே. நான் அதைத்தான் கேட்டேன். வேறு ஆயிரம் வார்த்தை இருக்க, அந்த வார்த்தையைத்தான் எடுத்தேன்.

"ஏன்ரா அப்பவே சொல்லேல்லை?"

"சொன்னால் நீங்கள் அழத் தொடங்கியிருப்பியள். நீங்கள் அழுதுகொண்டிருந்தால் ஆர் அக்கா வரைபடம் பார்க்கிறது?"

அவன் கண்ணாடியைக் கழற்றிச் சேர்ட்டில் துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டு வரைபடத்தின் மேல் குனிந்தான்.

"இப்ப வடிவாத் தெரியுது. எங்கை, காட்டுங்கோ பாப்பம். எது அந்தக் கோபுரம்?"

எனக்குக் கண்ணீரில் வரைபடம் மங்கி, விரலை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டே தொடக்கூடியதாக இருந்த இடம் அது.